பட்டி வைத்து அடைத்த துவக்கு

முதலில் ஒரு விடுகதை. தோளில் சாய்த்துக்கொள்ளும் ஒரு வீடு. கதவு பித்தளை. உள்ளே ஓர் எண்ணெய்க் குப்பியும் ஒரு கயிறும் குடியிருக்கும். ஆள் நுழைய முடியாது, இரண்டு விரல் நுழையலாம். அது என்ன?

பழைய இராணுவத் துவக்கின், அதாவது துப்பாக்கியின், அடிக்கட்டை. துவக்கைத் துடைப்பதற்கான சாமான்களை வெள்ளைக்காரன் அதற்குள் ஒளித்து வைத்தான். பத்திரிகையில் சிறுவர் பக்கம் நடத்திய காலத்தில் இந்த விடுகதையைப் போட்டேன். ஒருவரும் சரியான விடை அனுப்பவில்லை. அனுப்பியிருந்தால் அவர்கள் வீட்டுக்கு யார் யார் போயிருப்பார்களோ, அந்தச் சண்டைக் காலத்தில்.

பட்டாளம் கழித்துவிட்ட பழைய துவக்குகளை ஆராய்வது என் வேலை. எங்கள் பகுதியில் இதைவிடப் பொருத்தமில்லாத வேலை ஒன்றைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். என்னிடம் துவக்கு எதுவும் இல்லை, வைத்திருக்கவும் முடியாது. ஆகவே மெல்லிய தாளைத் துவக்கில் உள்ள முத்திரை மேல் வைத்து, மென்மையான பென்சிலால் தேய்த்து, எழுத்தை மட்டும் எடுத்து வருவேன். சிறுபிள்ளைகள் நாணயத்தைத் தேய்த்து எடுப்பார்களே, அதேதான். தபால்தலை, பழைய சாவி, சோடாப் போத்தல் என்று எதையாவது தேடி அலைகிறவர்களுக்கு என் பாடு புரியும்.

பெரியகல்லாற்றில் ஒரு கட்டை

பெரியகல்லாற்றில் ஒரு மீனவரிடம் பழைய துவக்கின் அடிக்கட்டை இருப்பதாகக் கேள்விப்பட்டு, என் ஊர் தன்னாமுனையிலிருந்து இரண்டு பஸ் மாறிப் போனேன். இரும்பு எப்போதோ போய்விட்டது. மரம் மட்டும் மிச்சம். வாவியில் வலைக் கம்பு அடிக்க அதை வைத்திருந்தார். கம்பு அடித்து அடித்து ஒரு பக்கம் நசுங்கியிருந்தது. மறுபக்கத்தில் பாதி எழுத்து. அதைத் தாளில் எடுக்க ஒரு மணித்தியாலம் ஆயிற்று. அவர் அவ்வளவு நேரமும் தோணியில் இருந்தபடி பார்த்துக்கொண்டிருந்தார்.

தாளைச் சுருட்டிப் பையில் வைத்ததும் கேட்டார்: “அரைவாசி எழுத்துக்கே இவ்வளவு தூரம் வந்திருக்கிறீங்க. முழு எழுத்தும் இருந்திருந்தா குடும்பத்தோட வந்திருப்பீங்களோ?”

ஓட்டமாவடியிலிருந்து ஓர் அழைப்பு

ரஹீமா சிறுமியாக இருந்தபோது என் சிறுவர் பக்கத்துக்கு வாராவாரம் புதிருக்கு விடை எழுதுவாள். இப்போது ஓட்டமாவடியில் இரண்டு பிள்ளைகளின் தாய். கணவர் சலீம் தளபாடக் கடை வைத்திருக்கிறார். மூத்தவன் இர்பான் கட்டாருக்கு மின்சார வேலைக்குப் போக எல்லாம் சரி. பொலிஸ் நற்சான்று மட்டும் வர வேண்டும். அந்த நேரம் பார்த்து, வீட்டோடு ஒட்டிய கடையின் பரணை ரஹீமா துப்புரவாக்கியபோது, சாக்குக்குள் ஒரு துவக்கு கிடந்தது. முன்பு அந்தக் கடையை வைத்திருந்த அவளுடைய வாப்பா ஒரு காலத்தில் பள்ளிக்கூடங்களின் உடைந்த மேசைகளையும் உட்காரும் வாங்குகளையும் ஏலத்தில் எடுத்துப் பலகைக்காகப் பிரித்தவர். எந்தக் குவியலோடு இது வந்ததென்று சொல்ல அவர் உயிரோடு இல்லை.

ரஹீமா எனக்கு அழைப்பு எடுக்க முதல் பொலிசுக்கு எடுத்திருந்தாள். சரியான ஒழுங்கு. மறுநாள் பத்து மணிக்கு வருவதாகச் சொல்லியிருந்தார்கள். “சண்டைக் காலத்துச் சாமான் எண்டு எழுதினா மகன்ட பயணம் அவ்வளவுதான் மாமா. நீங்க வந்து இது என்ன எண்டு சொல்லோணும்” என்றாள். வருகிறேன், அதுவரை ஒருவரும் அதைத் தொடவேண்டாம் என்றேன்.

“நான் தொடமாட்டன் மாமா” என்றாள். “ஆனா இவர் இன்னும் ஊட்டுக்கு வரல்ல.”

சலீமின் கைவேலை

நான் போன நேரம் துவக்கு மேசையில், வெள்ளைத் துணி மேல் கிடந்தது. பளபளவென்று கிடந்தது. இரவு வீட்டுக்கு வந்த சலீம் அதைப் பார்த்துவிட்டு, இப்படி ஒரு அழுக்குச் சாமானைப் பொலிசிடம் கொடுத்தால் கடைக்குத்தானே கெட்ட பெயர் என்று நினைத்திருக்கிறார். மரத்தைச் சாண்ட் பேப்பரால் தேய்த்து இரண்டு தரம் வார்னிஷ் அடித்துவிட்டார். இரும்பில் துருவும் ஏதோ எழுத்தும் இருந்ததாம். அதற்கு இரும்பு தேய்க்கும் கிரைண்டர்.

பழைய பொருள் தேடுகிறவர்கள் இந்த இடத்தில் என்னோடு ஒரு நிமிடம் மௌனமாக இருக்கலாம். எங்களுக்குக் கறையான் பகையில்லை, துரு பகையில்லை. நல்ல மனம் படைத்த, கைவேலை தெரிந்த மனிதர்தான் பகை.

சரியாகப் பத்து மணிக்கு சார்ஜன்ட் வந்தார். குறிப்புக் கொப்பியைத் திறந்தார். துவக்கைச் சுற்றி ஒருமுறை நடந்தார். இர்பான் சுவரோடு சாய்ந்து நின்றான்.

“பழைய சாமான் எண்டுதானே சொன்னீங்க?” என்றார் சார்ஜன்ட். “இது நேத்துச் செய்த மாதிரி இருக்கு.”

இல்லாத ஓட்டை

நான் விளக்கினேன். பள்ளிக்கூடத்து மாணவர் படையணிக்கு, அணிவகுத்து நடந்து பழக, கழித்த துவக்குகளைக் கொடுப்பார்கள். கொடுக்க முதல், தோட்டா இருக்கும் இடத்தில் பக்கவாட்டில் ஓர் ஓட்டை போட்டுவிடுவார்கள். பிறகு அது சுடாது. இரண்டு எழுத்து முத்திரையும் குத்துவார்கள். முத்திரை கிரைண்டரோடு போயிற்று. ஓட்டை இருந்தால் போதும், இது பழகக் கொடுத்த துவக்கு என்று எழுதிக் கையொப்பம் வைப்பேன் என்றேன்.

சார்ஜன்ட் முன்னிலையில் பூதக்கண்ணாடியோடு பார்த்தேன். ஓட்டை இல்லை. இன்னொரு முறை பார்த்தேன். முட்டை ஓடு மாதிரி வழுவழுவென்று இருந்தது. இருக்கிறது என்று சொல்ல எனக்கும் ஆசைதான். இல்லை என்றுதான் சொன்னேன். சார்ஜன்ட் எழுதத் தொடங்கினார். ரஹீமா முக்காட்டின் நுனியைப் பிடித்துக்கொண்டு அந்தப் பேனையையே பார்த்தாள்.

மேசைக்கு அந்தப் பக்கம் எட்டு வயது மகள் சப்னா நின்றாள். “ஓட்டை இரிந்திச்சி” என்றாள். “என்ட விரல் போச்சி. வாப்பாதான் பட்டி வெச்சி அடைச்சாங்க.”

எல்லோரும் சலீமைப் பார்த்தோம். அவர் இதை ஒளிக்கவில்லை. யாரும் கேட்கவில்லை, அவ்வளவுதான். மரத்தில் வெடிப்பு அடைக்கும் பட்டியை வைத்து அழுத்தி, தேய்த்து, மேலே கறுப்புப் பெயின்ட் பூசியிருந்தார். ரஹீமா முக்காட்டு ஊசியைக் கழற்றித் தந்தாள். ஓரமாகக் குத்தித் தூக்கினேன். உள்ளே இன்னும் காயாத பட்டி, சின்னிவிரல் நுனி அளவில், முழுதாகக் கழன்று விழுந்தது. சார்ஜன்ட் கைபேசி வெளிச்சத்தைப் பின்பக்கத்தால் அடித்தார். ஓட்டையால் வெளிச்சம் வந்து இர்பானுடைய சட்டையில் ஒரு பொட்டாக நின்றது.

“ஓட்டையோட ஒரு சாமானை எங்கட கடையால வெளிய அனுப்புறதில்ல சேர்” என்றார் சலீம்.

பித்தளைக் கதவு

எழுதியதை வெட்டிவிட்டு, வேறு ஏதும் சாட்சி உண்டா என்று சார்ஜன்ட் கேட்டார். அடிக்கட்டையின் பித்தளைத் தகட்டைக் காட்டினேன். அலங்காரத்துக்கு வைத்தது என்று நினைத்து, சலீம் அதன் மேலும் வார்னிஷ் அடித்திருந்தார். ஒரு நாணயத்தால் சுரண்டி நெம்பியதும் சின்னக் கதவு திறந்தது. எண்ணெய்க் குப்பி, கயிறு, அவற்றோடு சுருட்டிய ஒரு கொப்பித் தாள். யாரோ ஒரு மாணவன், பரீட்சையில் பார்த்து எழுத, அட்சரகணிதச் சூத்திரங்களைக் கடுகு எழுத்தில் எழுதி ஒளித்து வைத்திருக்கிறான். பிறகு துவக்கைத் திருப்பி ஒப்படைக்கும் நாள் வந்திருக்க வேண்டும்.

சார்ஜன்ட் தாளை விரித்து, முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை ஆறஅமர வாசித்தார். பள்ளிக்கூடத்துச் சாமான் என்பதற்கு இதற்கு மேல் என்ன வேண்டும் என்று கொப்பியில் குறித்துக்கொண்டார். போகும்போது வாசலில் நின்று சொன்னார்: “மூண்டாவது வரியில நடுவில ரெண்டு ஏபி விட்டுப்போச்சு. இதை நம்பி எழுதினவன் பாஸ் பண்ணியிருக்க மாட்டான்.”

மிச்சம்

துவக்கும் குப்பியும் கயிறும் தாளும் சார்ஜன்டோடு போயின. நற்சான்று வந்தது. இர்பான் கட்டாருக்குப் போய்ச் சேர்ந்து, அறையில் ஆறு பேர், சாப்பாடு பரவாயில்லை என்று குரல் பதிவு அனுப்பியிருக்கிறான். ரஹீமா எனக்கு அழைப்பு எடுத்து அதைப் போட்டுக் காட்டினாள். பின்னணியில் யாரோ மாவரைக்கும் சத்தம் கேட்டது. கட்டாரிலா, ஓட்டமாவடியிலா என்று தெரியவில்லை.

எனக்கு ஒரு குறை. அந்தத் துவக்கிலிருந்து ஓர் எழுத்தும் தாளில் எடுக்க முடியவில்லை. யோசித்தபோதுதான் அந்தப் பட்டித் துண்டு நினைவுக்கு வந்தது. ஓட்டையின் அகலமும் ஆழமும், துளைத்த கருவியின் வரியும் அதில் அப்படியே பதிந்திருக்கும். முத்திரை தேய்த்தெடுத்த நூறு தாளுக்குச் சமம். அது சப்னாவிடம் இருந்தது. தீப்பெட்டிக்குள், பஞ்சு வைத்து. என் வீட்டில் நான் சேர்த்து வைத்தவற்றில் மிகப் பழைய துவக்கு எண்ணெய்க் குப்பியைத் தேர்ந்து, துலக்காமல், எடுத்துப் போனேன். இதைத் தருகிறேன், அதைத் தருகிறாயா என்று கேட்டேன்.

அவள் குப்பியைத் திறந்து முகர்ந்து பார்த்தாள். “இதுக்குள்ள ஒண்டுமில்லையே மாமா” என்றாள்.

முப்பது வருடமாகத் துவக்கு ஆராய்கிற நான் குப்பியோடு பஸ் ஏறினேன். பட்டித் துண்டைச் சப்னா வைத்துக்கொண்டாள்.