முகம் தெரியாத நோயாளி

மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். இன்றைக்கு ஒட்டன்சத்திரம் சந்தையில் காய்கறி ஏற்றும் லாரிகளில் பாதி என்னுடையவை. குஜிலியம்பாறை முதல் பழனி வரை என்னைத் தெரியாத ஆள் கிடையாது. எனக்கும் எல்லாரையும் தெரியும். அப்படிப்பட்ட என்னால் ஒரு பெண்ணைக் கண்டுபிடிக்க முடியவில்லை.

கருப்பசாமிக்குக் கிடா வெட்டினால் எங்கள் பக்கம் சாராய பாட்டிலும் வைத்துப் படைப்போம். படைத்துவிட்டால் அது பிரசாதம். சாமி குடித்த மிச்சம் ஆளைக் கெடுக்காது என்பார்கள். மீசை அரும்பிய பையன்கள் அன்றைக்கு மட்டும் பெரியவர்கள் முன்னால் கை நீட்டலாம். போன கிடாவெட்டில் பதினெட்டு முடிந்திருந்த என் தங்கை மகனும் நீட்டினான். "மாப்ளைக்கு நெறையா ஊத்துங்கப்பு, மாமன் லாரி கணக்கா ஓடட்டும்" என்று ஒருத்தர் சொல்ல, எல்லாரும் சிரித்தோம். அந்தப் போதையோடு கூட்டாளிகள் அவனைத் திண்டுக்கல்லுக்குக் கூட்டிப்போய், மேலும் குடிக்க வைத்து, ஒரு லாட்ஜில் ஒரு பெண்ணிடம் கொண்டுபோய் விட்டிருக்கிறார்கள்.

சில மாதம் கழித்து கல்லூரி முகாமில் ரத்தம் கொடுத்தான். ரத்த வங்கியிலிருந்து கூப்பிட்டு அனுப்பினார்கள். அப்பனிடம் போகாமல் என்னிடம் வந்தான்.

"மாமா, ரத்தத்துல மேகநோய் இருக்காம், சிபிலிஸ்ங்கிறாக. அம்மாகிட்டச் சொல்லிராதீக."

பெரியாஸ்பத்திரிக்கு நானே கூட்டிப்போனேன். ஊசியில் தீர்ந்துவிடும், பயப்படவேண்டாம் என்றார் அங்கிருந்த ஆலோசகர் அம்மா. அவன் முகத்தில் உயிர் வந்தது. அதற்குப் பிறகுதான் அதைக் கேட்டார்.

"ஆணுறை போட்டிருந்தியா தம்பி?"

"தெரியல மேடம். குடிச்சிருந்தேன்."

"அந்தப் பொண்ணையும் கூட்டிட்டு வரணும். வெளிய ஒண்ணும் தெரியாமலே உள்ள இருக்கும். வயித்துல பிள்ளை இருந்தா அதுக்கும் போகும்."

அவன் தரையைப் பார்த்தான். "மூஞ்சி ஞாபகமில்ல."

நான் கூட்டிவருகிறேன் என்று நெஞ்சை நிமிர்த்திச் சொன்னேன். கூட்டாளிகளை உட்காரவைத்து விசாரித்தேன். ஒருவன் மஞ்சள் சேலை என்றான், இன்னொருவன் சுடிதார் என்றான். ஒருவனுக்கு அவள் ஏதோ அழுததாக ஞாபகம். பெயர் ஒருவனுக்கும் தெரியவில்லை. லாட்ஜுக்காரனும் கையை விரித்துவிட்டான்.

அவனுக்குக் குணமாகிவிட்டது. மறுபடி எடுத்த ரத்தமும் நல்லபடியாகவே வந்தது. எனக்குத்தான் இன்னும் விடவில்லை. திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டில் வயிற்றுப்பிள்ளைக்காரி யாராவது தனியாக நின்றால் என் கால் தானாக நின்றுவிடுகிறது. என்னவென்று கேட்பது? பஸ் வருகிறது, அவள் ஏறிப் போய்விடுகிறாள்.