சாதாளைக்குக் கீழே மட்டி

எனக்கு எழுத்து அவ்வளவு வராது. ஐந்தாம் வகுப்போடு நிறுத்திவிட்டார்கள். இப்போது மறதியும் சேர்ந்துவிட்டது. முன்பின்னாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் வீட்டுக்காரர் போய் எட்டாம் நாள் செய்யும் எட்டுச் செலவுக்கு முதல் நாள். எட்டுச் செலவன்று, போனவருக்குப் பிடித்ததைச் சமைத்துப் படைப்பது எங்கள் வழக்கம். அவருக்குப் பிடித்தது மட்டி, மண்ணுக்குள் கிடக்கும் சிப்பி. வெள்ளவத்தைக்கு வந்த காலம் தொட்டு, தண்டவாளத்தைக் கடந்து கடற்கரைக்குப் போய், ஈர மண்ணைக் காலால் துழாவி அவரே பொறுக்கி வருவார். மிதந்து வரும் கடற்பாசியை நாங்கள் சாதாளை என்போம். அது ஒதுங்கினால் அவருக்குச் சந்தோஷம். "உக்கினா மண்ணுக்குப் பசளையடி. கீழ மட்டி கொழுக்கும்" என்பார்.

அவர் பொறுக்கிய இடத்து மட்டியையே படைக்க வேண்டும் என்று எனக்கு ஒரே எண்ணம். வாய்விட்டுச் சொல்லக் கூச்சம். கூடையை எடுத்ததும் அவருடைய தங்கை, என் மச்சாள், மறித்தாள்.

"செத்த வீட்டுத் துடக்கோட எங்க வெளிக்கிடுறியள்? சனம் என்ன கதைக்கும்?"

"மட்டிக்கு."

"கடவுளே! சந்தையில மீன் இல்லையோ? அண்ணை எழும்பி வந்து ருசி பாக்கப்போறாரே?"

சொல்லிக்கொண்டே செருப்பை மாட்டி அவளும் வந்தாள்.

கரை முழுக்கச் சாதாளை. தண்ணீரிலும் பாய் விரித்தாற்போல் மிதந்து, அலையைக்கூட எழும்ப விடவில்லை. இவ்வளவு கிடந்தால் மட்டியும் அவ்வளவு இருக்கும் என்று நம்பி, மிகத் தடித்த இடமாகப் பார்த்து விலக்கினேன். மண் கரியாய்க் கறுத்திருந்தது. கூழ்முட்டை நாற்றம். மட்டி இருந்தது, எல்லாம் வாய் பிளந்து செத்தவை. நண்டுப் பொந்து ஒன்றுகூட இல்லை.

பாறையில் தூண்டில் போட்டிருந்த முஸ்லிம் நானா ஒருவர் சத்தம் போட்டார். "அங்க கிண்டாதீங்கம்மா. கொஞ்சமா வந்தா மண்ணுக்குத் தீனிதான். இப்பிடி மூடிக் கெடந்து அழுகினா கீழ உள்ளதுக்குக் காத்துப் போகாது. எல்லாம் மௌத்து."

மச்சாள் பகிடி விடவில்லை. கூடையை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள்.

படையலில் பாரை மீன் வைத்தோம். எல்லாரும் நல்ல ருசி என்றார்கள். எனக்கு மட்டி இல்லாததைவிட, அவர் சொல் பிழையாய்ப் போனதுதான் பெரிய மனக்குறை. தெரியாததைக் கதைக்கிற மனுசன் இல்லை அவர். கொஞ்சச் சாதாளைக்குச் சொன்னதை நான்தான் குவியலுக்கும் எடுத்துக்கொண்டேனோ? கடலோர மண்ணைப் பற்றித் தெரிந்த யாராவது இதைப் பார்த்து, பிழை அவருடையதா என்னுடையதா என்று சொல்லுங்கள்.