கார் தொழிற்சாலையில் அக்கா போட்ட கையெழுத்து

அக்கா நம்மை விட்டுப் போய் ஓராண்டு நிறைகிறது. நினைவுக் கூட்டத்துக்கு வந்து இந்த மலரைக் கையில் வாங்கியிருக்கும் உங்களில் பலர், அவரைத் துணிச்சல்காரி என்று என்னிடம் சொல்லியிருக்கிறீர்கள். தீப்பிடித்த தொழிற்சாலைக்குள் திரும்பிப் போய் ஒருவரை வெளியே கொண்டுவந்தவர் என்பதால் அப்படிச் சொல்கிறீர்கள். ஒரே பாயில் அவரோடு படுத்து வளர்ந்த தங்கை என்ற உரிமையில் நான் ஒன்று சொல்ல வேண்டும். அக்கா பயந்த சுபாவம் உள்ளவர். கடைசி வரை அப்படியேதான் இருந்தார்.

அக்கா பிறந்தது ராணிப்பேட்டையில். எங்கள் அப்பா ஒரு தோல் பதனிடும் தொழிற்சாலையின் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்தார். அக்கா நான்காம் வகுப்பு படித்தபோது, எங்கள் தெருவில் குடியிருந்த ஒருவர் கழிவுத் தொட்டியைச் சுத்தம் செய்ய இறங்கி மயங்கி விழுந்தார். அவரைத் தூக்க இறங்கிய அவர் தம்பியும் மேலே வரவில்லை. இரண்டு உடல்களும் தெருவுக்கு வந்தபோது அக்கா ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். அதன் பிறகு பல மாதங்கள் குளியலறைக்குக்கூடத் தனியாகப் போக மாட்டார். நான் வாசலில் நின்று பேசிக்கொண்டே இருக்க வேண்டும்.

அந்தப் பயத்தையே அவர் படிப்பாக்கிக்கொண்டார். வேதிப் பொறியியல் முடித்து, சென்னைக்கு வெளியே ஒரு கார் ஆலையின் பாதுகாப்புப் பிரிவில் சேர்ந்தார். திருமணமாகி ஷாரோன் பிறந்த பிறகு, கலிபோர்னியாவில் ஒரு ஸ்போர்ட்ஸ் கார் கம்பெனியில் அதே வேலை கிடைத்தது. அக்காவின் கணவரான மாமாவும் குழந்தையும் அவரைச் சார்ந்த விசாவில் வந்தார்கள். மாமாவுக்கு இங்கே வேலை செய்ய அனுமதி இல்லை. மூவரும் இந்த நாட்டில் இருப்பதே அக்காவின் வேலையால்தான் என்ற நிலை. நான் ஏற்கெனவே அங்கே ஹேவர்டு என்ற ஊரில் இருந்தேன். பக்கத்தில் அக்கா வருகிறார் என்று நான் குதித்தேன். அவரோ விமான நிலையத்திலிருந்து வீடு வரும்வரை, வண்டிகள் பறக்கும் ஃப்ரீவேயைப் பார்க்காமல் கண்ணை மூடிக்கொண்டு வந்தார்.

அந்தத் தொழிற்சாலையைப் பற்றி உறவினர்களுக்குத் தெரிந்திருக்காது. சான் லியாண்ட்ரோவில் ரயில் பாதையை ஒட்டிய சிவப்புச் செங்கல் கட்டடம் அது. ஒரு காலத்தில் அங்கே தக்காளியைத் தகர டப்பாக்களில் அடைத்தார்களாம். அது மூடிய பிறகு ஃபிராங்க் என்ற மெக்கானிக் அந்தக் கட்டடத்தைப் பிடித்து, இரண்டே பேர் உட்காரும் பந்தயக் கார்களைக் கையால் கட்டத் தொடங்கினார். டப்பாக்கள் ஓடிய நீளமான கூடத்தில் கார்கள் வரிசையாக நின்றன. தக்காளி வேகவைத்த அறை வண்ணம் பூசும் அறையானது. மரக்கூரை போட்ட டப்பாக் கிடங்கில் உதிரி பாகங்களை வைத்தார்கள். ஒவ்வொரு கார் முடியும்போதும் கடைசித் திருகை முடுக்கியவரே அதை முற்றத்தில் ஒருமுறை ஓட்டிப் பார்ப்பது அங்கே வழக்கம். எல்லோரும் வேலையை நிறுத்திவிட்டுக் கை தட்டுவார்களாம்.

அக்கா சேர்ந்தபோது ஃபிராங்க் வயதாகியும் தினமும் வந்துகொண்டிருந்தார். அக்கா குறை எழுதிக் கொடுத்தால் அன்றைக்கே சரி செய்வார். அவர் ஓய்வு பெற்றுக் கம்பெனியை விற்றதும் எல்லாம் மாறியது. புதிய உரிமையாளர்கள் பெட்ரோல் இன்ஜினை நிறுத்திவிட்டு மின்சாரக் கார் செய்ய முடிவெடுத்தார்கள். பேட்டரிகள் லாரி லாரியாக வந்தன. அவற்றை வைக்க இடமில்லை. மரக்கூரைக் கிடங்கில் வைக்கலாம் என்றார் புதிய மேலாளர்.

அதற்குப் பாதுகாப்புப் பொறியாளரின் கையெழுத்து வேண்டும். அக்கா மூன்று முறை மறுத்தார். பேட்டரி எளிதில் தீப்பிடிக்கும், கூரை மரம், தீயணைக்கத் தண்ணீர் தெளிக்கும் குழாய்கள் பழசு, வண்ணம் பூசும் அறைக்குள் இருப்பவருக்கு அபாய மணி கேட்காது என்று எழுதியே கொடுத்தார். நான்காவது முறை மேலாளர் அவரைத் தன் அறைக்கு அழைத்து, இரண்டே வாரம்தான் அங்கே வைப்போம் என்றார். பிறகு, "உங்க கிரீன் கார்டு பேப்பர் நம்ம கம்பெனி மூலமாத்தானே போயிருக்கு?" என்று சாதாரணமாக விசாரிப்பதுபோல் கேட்டார்.

அக்கா கையெழுத்துப் போட்டார்.

அன்று மாலை என் வீட்டுக்கு வந்து சமையலறையில் நின்றுகொண்டே சொன்னார்: "போட்டுட்டேன்டி. என் கை போட்டுச்சு, நான் பாத்துக்கிட்டே இருந்தேன்."

"ரெண்டு வாரம்தானேக்கா? ஒண்ணும் ஆகாது."

"ஒண்ணும் ஆகாதுன்னு சொல்றதுக்கு எனக்குச் சம்பளம் தரல. ஆகும்னு பயப்படறதுக்குத்தான் தர்றாங்க."

இரண்டு வாரம் இரண்டு மாதமானது. அந்த நாட்களில் அக்கா வாரந்தோறும் எல்லோரையும் வெளியேறும் பயிற்சிக்கு இழுத்தார். மணி அடித்தால் எந்தக் கதவு, எங்கே கூடுவது, யார் பெயரை யார் கூப்பிடுவது என்று சலிக்காமல் சொல்லிக் கொடுத்தார். பலர் முகம் சுளித்தார்கள். அவருக்குப் பின்னால் நின்று அவரைப் போலவே பேசிக் காட்டிச் சிரித்தவர்களும் உண்டு.

ஒரு வியாழக்கிழமை பிற்பகல் அக்கா எனக்கு போன் செய்தார். "ஷாரோனை நீ ஸ்கூல்ல இருந்து பிக்கப் பண்ணிக்கோ. கிடங்குல ஏதோ..." அவ்வளவுதான். பின்னால் மணி அடிக்கும் சத்தம் கேட்டது. லைன் போய்விட்டது.

ஷாரோனுக்கு அப்போது பதினொரு வயது. பள்ளி என் வீட்டுக்கு அடுத்த தெருதான்; அவளை ஏற்றிக்கொண்டு நான் நேராகத் தொழிற்சாலைக்கு ஓட்டினேன். குழந்தையை வீட்டில் விட்டிருக்க வேண்டும். எனக்கு அது தோன்றவே இல்லை. ஃப்ரீவேயிலிருந்தே புகை தெரிந்தது. சாம்பலும் வெள்ளையுமாகத் தடிமனாக, காற்று அடித்தும் கலையாமல் நின்றது. ஷாரோன் சீட் பெல்ட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தாள்.

தெருமுனையில் போலீஸ் தடுத்தது. தடுப்புக்கு அப்பால் ஊழியர்கள் எல்லோரும் பயிற்சியில் நிற்கும் இடத்தில் நின்றார்கள். அக்காவைக் காணவில்லை. அவர் எங்கே என்று கத்தினேன். அவருடைய உதவியாளர் லிண்டா என்னைப் பார்த்ததும் வாயைப் பொத்திக்கொண்டார். பெயர் கூப்பிட்டபோது ஒருவர் மட்டும் பதில் சொல்லவில்லையாம். வண்ணம் பூசும் அறையில் இருந்த மிகெல். மூச்சுக்காற்றை வடிகட்டும் தலைமூடி போட்டுக்கொண்டு, மின்விசிறிகளின் இரைச்சலுக்குள் இருந்தவர். அப்போது தீயணைப்பு வண்டி வந்திருக்கவில்லை. அக்கா கையிலிருந்த பட்டியலை லிண்டாவிடம் கொடுத்துவிட்டு உள்ளே போயிருக்கிறார்.

எனக்கு ராணிப்பேட்டைத் தெருவில் கிடந்த இரண்டாவது உடல்தான் கண்ணுக்குள் வந்தது. உள்ளே இருப்பவரைத் தூக்கப் போகிறவரும் திரும்ப மாட்டார் என்பது அக்காவை விட யாருக்குத் தெரியும்? கிடங்குப் பக்கம் பட்டாசுச் சரம் வெடிப்பதுபோல் படபடவென்று கேட்டது. ஷாரோனின் முகத்தை என் வயிற்றோடு அழுத்திக்கொண்டேன். ஜெபம் செய்ய வாய் வரவில்லை. என் வாழ்க்கையில் அவ்வளவு நீளமான சில நிமிடங்கள் வேறு கிடையாது.

பிறகு பக்கவாட்டுக் கதவு வழியாக இரண்டு பேர் வந்தார்கள். யார் யாரைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள் என்று தெரியவில்லை. மிகெலின் தலைமூடி அக்காவின் தலையில் இருந்தது. பாதி வழியில் அக்காவுக்கு மூச்சு முட்டவே, மிகெல் அதைக் கழற்றி அவருக்கு மாட்டிவிட்டாராம். தரையில் உட்கார்ந்த அக்கா இருமி இருமி வாந்தி எடுத்தார். போலீஸ்காரர் எங்களை விட்டதும் ஓடிப்போய்ப் பிடித்தேன். "கையெழுத்து என்னோடதுடி" என்றார். அதையே மருத்துவமனை போகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார்.

உயிர்ச்சேதம் இல்லை. கிடங்கும் வண்ணம் பூசும் அறையும் எரிந்துபோயின. விசாரணை வைத்தார்கள். கம்பெனி வழக்கறிஞர் அக்காவிடம், எந்தத் தாளில் எப்போது கையெழுத்துப் போட்டோம் என்பது ஞாபகம் இல்லை என்றால் போதும், மற்றதை அவர்கள் பார்த்துக்கொள்வார்கள் என்றார். மாமாவும் அதைத்தான் சொன்னார். நானும் அதைத்தான் சொன்னேன். இதை இங்கே எழுத வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் எழுதுகிறேன்.

விசாரணை அன்று காலை அக்கா குளியலறையை விட்டு வெளியே வரவில்லை. நான் கதவைத் தட்டினேன்.

"என்னால முடியலடி. நெஞ்சு அடிச்சுக்குது."

"அப்ப ஞாபகம் இல்லைன்னு சொல்லிடுக்கா. யாரும் சாகலையே."

உள்ளே குழாயில் தண்ணீர் ஓடும் சத்தம் கேட்டது. பிறகு கதவைத் திறந்தார். முகம் கழுவியிருந்தார். "மிகெல் உள்ள என்னைப் பாத்து என்ன கேட்டான் தெரியுமா? 'ஏன் மணி அடிக்கல?'ன்னு கேட்டான். அவனுக்கு நான் பதில் சொல்லணும்ல?"

விசாரணையில் அவர் மூன்று முறை மறுத்ததையும் சொன்னார், நான்காம் முறை பயந்து கையெழுத்துப் போட்டதையும் சொன்னார். மேலாளர் கேட்ட கேள்வியையும் மறைக்கவில்லை. மேலாளர் விலக நேர்ந்தது. பேட்டரி வைக்கும் அனுமதி ரத்தானது. உரிமையாளர்கள் அந்தக் கட்டடத்தையே கைவிட்டு, டெக்சாஸில் புதிய ஆலை கட்டப்போவதாக அறிவித்தார்கள். அத்தனை பேருக்கும் வேலை போனது, அக்காவுக்கும்தான். கடையில் பழைய சக ஊழியர்கள் அவரைப் பார்த்து முகம் திருப்பிக்கொண்டார்கள். மிகெலின் அண்ணனே ஒருநாள் போனில் திட்டினார். அக்கா முழுவதையும் கேட்டுக்கொண்டார்.

வேறு வேலை கிடைக்காவிட்டால் அறுபது நாளில் மூவரும் நாட்டை விட்டுப் போக வேண்டும். ஷாரோனின் பள்ளிச் சான்றிதழ்களை மாமா ஒரு பெட்டியில் எடுத்து வைத்துவிட்டார். தபால்காரர் வரும் நேரத்தில் அக்கா வாசலுக்குப் போகவே மாட்டார். கெடு முடிய நான்கு நாள் இருக்கும்போது, பழைய பேட்டரிகளைப் பிரித்தெடுக்கும் ஒரு சிறிய நிறுவனம் அவரை எடுத்துக்கொண்டது. "உங்கள் வாக்குமூலத்தைப் படித்தோம், இல்லை என்று சொல்லத் தெரிந்தவர் எங்களுக்கு வேண்டும்" என்றார்களாம். "மூணு தடவைதான் சொல்லத் தெரிஞ்சுது" என்று அக்கா பதில் சொன்னாராம்.

அங்கே ஏழு ஆண்டுகள் வேலை பார்த்தார். கிரீன் கார்டும் வந்தது. அதற்குள் இருமலும் வந்துவிட்டது. முதலில் படியேறினால் மூச்சு வாங்கும். பிறகு பேசினாலே வாங்கியது. நுரையீரல் இறுகிக்கொண்டே போகிறது என்றார்கள். அந்தப் புகைதான் காரணம் என்று டாக்டர் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. மாற்று நுரையீரலுக்குப் பெயர் பதிந்து காத்திருந்தோம். போன் அடித்தாலும் பயம், அடிக்காவிட்டாலும் பயம்.

கடைசி வாரங்களில் அக்கா எதையும் மறைக்கவில்லை. "பயமா இருக்குடி" என்று நேராகவே சொல்வார். ஒருநாள் நான் வழக்கம்போல், "பயப்படாதேக்கா" என்றேன். ஆக்சிஜன் குழாயை விலக்கிவிட்டு என்னைக் கடிந்துகொண்டார். "அப்படிச் சொல்லாத. நான் பயப்படுவேன். நீ பக்கத்துல உக்காரு, போதும்."

பக்கத்தில் உட்கார்ந்தவர்கள் பலர். அவர்களுக்கு எங்கள் குடும்பத்தின் நன்றி. சபைப் போதகர் ஐயாவுக்கும், முறை வைத்து உணவு கொண்டுவந்த சகோதரிகளுக்கும் நன்றி. தன் லீவு முழுவதையும் மருத்துவமனையில் கழித்த லிண்டாவுக்கு நன்றி. டெக்சாஸ் ஆலையில் வேலைக்குப் போய்விட்ட மிகெல், மாதம் ஒருமுறை விமானம் ஏறி வந்தார். அக்காவுக்கு ஸ்பானிஷ் தெரியாது, அவருக்கு ஆங்கிலம் அரைகுறை. இருவரும் பேசாமல் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். அவருக்கு நாங்கள் என்ன சொல்லி நன்றி சொல்வது என்று இன்னும் தெரியவில்லை. இரவும் பகலும் அக்காவின் முதுகைத் தடவிக்கொடுத்த மாமாவுக்கு நன்றி சொன்னால் அவர் கோபித்துக்கொள்வார்.

ஷாரோனுக்குத் தமிழ் புரியும். ஆனால் ஆங்கிலத்தில்தான் பதில் சொல்வாள். அக்கா அதற்காக அவளை வற்புறுத்தியதில்லை. கடைசி நாள் காலையில் அக்காவுக்குக் கண் சரியாகத் தெரியவில்லை. கையை நீட்டித் துழாவினார். "யாரு இருக்கா? யாராவது இருக்கீங்களா?" என்று கேட்டார். நானும் மாமாவும் அழுதுகொண்டிருந்தோம். ஷாரோன் அந்தக் கையைப் பிடித்துத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டு, தமிழில் சொன்னாள்:

"நான் இருக்கேன்மா. எனக்கும் பயமா இருக்கு. ஆனா நான் எங்கயும் போகல."

அக்காவின் விரல்கள் அவள் கன்னத்தை அழுத்தின. பிறகு அவை மெல்லத் தளர்ந்தன.