ஞாயிற்றுக்கிழமை ட்யூட்டி

எங்கள் தெருவில் ஞாயிற்றுக்கிழமை காலையில் காபி வாசனை வருவது என் வீட்டிலிருந்து மட்டும்தான். யூட்டா மாநிலத்தில் மலையடிவாரத்துச் சிற்றூர் இது. அநேகமாக எல்லாரும் மோர்மன்கள். காபி கிடையாது, டீ கிடையாது, ஞாயிற்றுக்கிழமை வேலை கிடையாது. வெள்ளைச் சட்டையும் டையுமாகக் குடும்பம் குடும்பமாகச் சர்ச்சுக்குப் போவார்கள். நான் டவராவும் கையுமாக ஜன்னலோரம் நிற்பேன். வந்த புதிதில் அடுத்த வீட்டு ஜேனட் சுடச்சுட ரொட்டி சுட்டுக் கொண்டுவந்து கொடுத்தார். நம் வழக்கப்படி பாத்திரத்தை வெறுமனே திருப்பித் தரலாமா? திருச்சியிலிருந்து கொண்டுவந்த காபித்தூளை அதில் நிரப்பிக் கொடுத்தேன். அந்த அம்மாள் முகம் கோணாமல் வாங்கிக்கொண்டார். விஷயம் பிறகு தெரிந்தபோது எனக்கு மானம் போயிற்று.

நான் பார்ப்பது முனிசிபாலிட்டி வேலை. இங்கே தண்ணீர், குப்பை மாதிரி இன்டர்நெட்டும் நகராட்சியின் பொறுப்பு. வீட்டுக்கு வீடு ஃபைபர் என்கிற கண்ணாடி இழை போட்டிருக்கிறார்கள். அறுந்தால் ஒட்டுவது என் பிழைப்பு. இதை அப்பாவிடம் சொன்னபோது நம்பவே இல்லை. “ஏம்ப்பா, இங்க கார்ப்பரேஷன் தண்ணியே நேரத்துக்கு வரல. அங்க நெட்டு விடுறானா?” என்று சிரித்தார். ஸ்ரீரங்கத்துக்கும் சத்திரம் பேருந்து நிலையத்துக்கும் இடையே முப்பது வருடம் டவுன் பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவர் அவர். அவர் வீட்டு நெட், கேபிள்காரர் மனசு வைத்தால் வரும்.

ஞாயிற்றுக்கிழமை ட்யூட்டி எப்போதும் என் தலையில்தான். “உனக்குத்தான் சர்ச் இல்லையே, பரவாயில்லைதானே?” என்று மேலதிகாரி அன்பாகத்தான் கேட்டார். “எனக்கும் கோயில் உண்டு, கொஞ்சம் தூரம்” என்றேன். அவர் சிரிக்கவில்லை; அடுத்த மாநிலத்திலா என்று விசாரித்தார். விளக்கம் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது. தலையாட்டிவிட்டேன்.

இன்றைக்கு அப்பாவுக்கு இதயத்தில் ஸ்டென்ட் வைக்கிறார்கள். மூன்று இடத்தில் அடைப்பு. காலை ஆறரைக்குள் ஆஸ்பத்திரியில் இருக்க வேண்டும். நான் போகவில்லை. போனால் திரும்பி வர விசா முத்திரைக்குத் தேதி கிடைக்கவில்லை. இதைச் சொல்லும்போது எனக்கே சாக்குப்போக்காகத்தான் கேட்கிறது. “கிளம்புறதுக்கு முன்னாடி உன் மூஞ்சியப் பாத்துட்டுப் போறேன்டா சேகர்” என்று அப்பா சொல்லியிருந்தார். அங்கே திங்கள் விடியற்காலை ஐந்தரை; இங்கே ஞாயிறு மாலை ஆறு.

ஐந்தேகாலுக்கு ஜேனட் கதவைத் தட்டினார். கண் கலங்கியிருந்தது. அவர் மகன் ஈத்தன் பிலிப்பைன்ஸில் மத ஊழியத்தில் இருக்கிறான். இவர்கள் பிள்ளைகளை அப்படி இரண்டு வருடம் அனுப்புவார்கள். வாரத்தில் ஒரு நாள்தான் வீட்டோடு பேசலாம். ஈத்தனுக்கு அது திங்கள் காலை; இங்கே ஞாயிறு மாலை ஆறு மணி. நேற்றுச் சாயங்காலம் கணவர் செடி வைக்கக் குழி தோண்டியதில் ஃபைபர் அறுந்திருக்கிறது. மலை மறைப்பதால் செல்போன் சிக்னலும் ஒழுங்காகக் கிடைக்காது. ஓய்வு நாளில் ஒருவரை வேலை வாங்கக் கூடாதே என்று பகல் முழுக்கப் பொறுத்திருக்கிறார். அட கடவுளே, நேற்றே சொல்லியிருக்கக் கூடாதா!

அவர்கள் தோட்டத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தேன். மயிரிழைக் கண்ணாடி, இரண்டு கையும் வேண்டும், மூச்சுகூட அடக்க வேண்டும். என் போனை என் வீட்டு வைஃபையிலேயே வைத்து, வேலி மேல் சாய்த்திருந்தேன். ஆறு மணிக்கு முன்பே அப்பா வீடியோவில் வந்துவிட்டார். சீக்கிரமே கிளம்பி ஆட்டோவில் இருந்தார், பக்கத்தில் தங்கை மாலா.

“என்னடா, மண்ணுல உக்காந்திருக்க?”

“அடுத்த வீட்டு லைன்ப்பா. அவங்க பையன் இப்போ கூப்பிடுவான். அஞ்சு நிமிஷம் இருப்பா.”

“நீ பாரு, நீ பாரு. ட்யூட்டில பேசக் கூடாது.”

நான் ஒட்டுவதைப் பார்த்துக்கொண்டே வந்தார். நான் தலைநிமிராமலேயே இருந்தேன். நிமிர்ந்தால் இழை விலகிவிடும். சுவர்ப் பெட்டியில் பச்சை விளக்கு எரிந்ததும் உள்ளே ஜேனட் “ஈத்தன்!” என்று கத்தியது கேட்டது. வேலிக்கு ஓடினேன். ஆட்டோ காவிரிப் பாலத்தில் ஏறியிருந்தது. அப்பா கையைத் தூக்கி, “சரிடா, போயிட்டு…” என்றார். படம் அப்படியே உறைந்துவிட்டது. “அப்பா, அப்பா” என்று திரும்பத் திரும்பக் கூப்பிட்டேன். அரைமணி கழித்து மாலாவின் மெசேஜ் வந்தது: “உள்ள கூட்டிட்டுப் போயிட்டாங்க. போனை வாங்கி வச்சுட்டாங்க.”

ஜேனட் வெளியே வந்து என் இரு கைகளையும் பிடித்துக்கொண்டார். வேலி மேல் போனில் உறைந்திருந்த முகத்தைப் பார்த்து, “உன் அப்பாவா?” என்றார். ஈத்தன் வர இன்னும் எத்தனை நாள் என்று ஃபிரிட்ஜ் கதவில் மாட்டிய காலண்டரில் தினம் ஒன்று அடித்துவருகிறாராம். “உன்னை எத்தனை வருடத்துக்கு அனுப்பினார்கள்? எப்போது முடிகிறது?” என்று கேட்டார், வெகு சாதாரணமாக.

இரண்டே வருடம் என்று சத்திரத்தில் பஸ் ஏறும்போது அப்பாவிடம் சொன்னேன். பதிமூன்று ஆகிறது. எனக்கு அழுகைதான் வந்தது.

இதை எழுதும்போது அப்பா இன்னும் உள்ளேதான் இருக்கிறார். அடுத்த வீட்டு ஜன்னல் வழியே திரையில் ஈத்தன் துல்லியமாகச் சிரித்ததைப் பார்த்தேன். நான் ஒட்டிய இழை ஒரு குறையும் இல்லாமல் ஓடியது. என் போனில் அப்பா காவிரிப் பாலத்தின் மேல் தூக்கிய கையோடு நிற்கிறார். மீதியுள்ள அந்த ஒரு வார்த்தை, ‘வரேன்’, இன்னும் வந்து சேரவில்லை.