மாரியம்மா எங்கள் வீட்டில் இருந்த நாட்கள்

நான் சொன்ன பொய் சின்னது. சொல்லிவிட்டுச் சிரிக்கவும் செய்தேன்.

ஓசூர் மைசூரோடு போகுமா, மதராசிலேயே இருக்குமா என்று உத்தனப்பள்ளி ரோட்டில் எல்லாரும் வாய் வலிக்கப் பேசிக்கொண்டிருந்த சமயம். நான் எஸ்.எஸ்.எல்.சி. முடித்து, டீச்சர் டிரெயினிங்குக்கு எழுதிப் போட்டிருந்தேன். பஸ் சத்தம் கேட்டால் போதும், தபால் வந்ததா என்று வாசலுக்கு ஓடுவேன். அப்படி ஓடிய ஒரு நாள், தபாலுக்குப் பதில் சைக்கிளில் வந்து இறங்கினார் அம்மை குத்துகிறவர்.

ஏழு வயதுத் தம்பி அவருடைய பெட்டியைப் பார்த்தானோ இல்லையோ, "சொல்லிடாதக்கா!" என்று கொல்லையைத் தாண்டிக் கேழ்வரகுக் காட்டுக்குள் பாய்ந்துவிட்டான்.

"ஏம்மா, இந்த வீட்டுல ஒரு பையன் இருக்கணுமே?"

"சாமல்பட்டிக்கு மாமா வீட்டுக்குப் போயிருக்கான் சார்."

"எப்ப வருவான்?"

"ரயில் கெடச்சா வருவான்."

அவர் நோட்டில் என்னவோ கிறுக்கிவிட்டுப் போய்விட்டார்.

மாசி மாதம் தம்பிக்குக் காய்ச்சல் கண்டது. மூன்றாம் நாள் முகமெல்லாம் முத்து. அம்மா அழவில்லை. பார்த்த உடனே குரலை மாற்றிக்கொண்டாள்: "வாங்க தாயே. இந்த வீடு தேடி வந்திருக்கீங்க." முந்தின வாரம்வரை விளக்குமாற்றால் அடி வாங்கியவன் அவன்!

வாசலில் வேப்பிலை செருகினோம். வீட்டில் தாளிப்பு கிடையாது, தலை வாரக்கூடாது, யாரும் வெளியூர் போகக்கூடாது. பக்கத்து வீட்டுத் தெலுங்குக்கார அத்தை தெருவிலேயே மோர்ச் செம்பை வைத்துவிட்டு, "அம்மவாரு எப்படி இருக்காங்க?" என்று கேட்பாள். பையன் எப்படி இருக்கிறான் என்று யாரும் கேட்கவில்லை. எல்லாருக்கும் அங்கே படுத்திருந்தது மாரியம்மாதான்.

எனக்குப் பள்ளிக்கூடத்திலேயே அம்மை குத்தியிருந்ததால் பக்கத்தில் உட்காருகிற வேலை எனக்கு வந்தது. ஒரு தடவை மறந்துபோய், "டேய், சொறியாதடா!" என்று கத்திவிட்டேன்.

"யாரைப் பாத்து டேய்ங்கற? கன்னத்துல போட்டுக்கோ" என்றாள் அம்மா.

போட்டுக்கொண்டேன். வாழையிலையில் படுத்திருந்தவன் முனகினான்: "இன்னொரு தடவை போடச் சொல்லு."

"உத்தரவு தாயே" என்று அம்மா என்னைப் பார்த்தாள். மறுபடி போட்டுக்கொண்டேன்.

அந்த விளையாட்டும் இரண்டு நாள்தான். இமைகள் இரண்டும் வீங்கி மூடிக்கொண்டன. இமையோரத்திலும் முத்து. "உள்ள எறங்கிட்டா பார்வை போயிடும்" என்று அப்பா மாட்டுக்கொட்டகையில் நின்று சொன்னார். வீட்டுக்குள் அந்தப் பேச்சு கூடாது.

"உனக்குப் பயமா இல்லையாம்மா?"

"அவளே வந்து நம்ம வீட்டுல படுத்திருக்கா. இதுக்கு மேல யாரைக் கூப்பிட்டுப் பயத்தைச் சொல்றது?"

அம்மாவுக்கு அது போதுமாக இருந்தது. எனக்குப் போதவில்லை. அம்மை ஏன் குத்த வேண்டும் என்று விஞ்ஞானப் பரீட்சையில் ஒரு பக்கம் எழுதி மார்க் வாங்கியவள் நான். அன்றைக்குக் கூப்பிட்டு அவன் கையை நீட்டச் சொல்லியிருந்தால் இந்தப் படுக்கையே இல்லை. இது அப்பாவுக்கும் தெரியாது, அம்மாவுக்கும் தெரியாது.

ஒரு மத்தியானம் அம்மா வேப்பிலை ஒடிக்கப் போயிருந்தாள். வேப்பிலைக் கொத்தால் அவனுக்கு வீசிக்கொண்டிருந்த நான், என்னை அறியாமல் சொல்லிவிட்டேன்.

"தாயே, குத்த வந்தவர்கிட்ட நான்தான் பொய் சொன்னேன். அதுக்காக இவன் கண்ணை எடுத்துக்காதீங்க."

பதில் வரும் என்று நினைக்கவே இல்லை. காய்ந்த உதடு அசைந்தது. "தெரியும்." கொஞ்சம் பொறுத்து, "சரி. நிறுத்தாம வீசு."

குரல் தம்பியுடையதுதான். ஆனால் அவன் பிறந்ததிலிருந்து எதற்கும் சரி என்று சொன்னவன் இல்லை. நான் நிறுத்தாமல் வீசினேன். கண் பிழைக்குமா என்று அப்போதும் தெரியாது. இருந்தாலும் அந்த மத்தியானத்தைப் போல நான் என்றைக்கும் பயமில்லாமல் இருந்ததில்லை. பஸ் வந்து போன சத்தம் கேட்டது. எழுந்திருக்கத் தோன்றவில்லை.

நாலு நாள் கழித்து வலது கண் திறந்தது. மறுநாள் இடது கண்.

"அக்கா, உன் தலை ஏன் பேய் மாதிரி இருக்கு?" என்றான்.

அம்மா அப்போதுதான் அழுதாள்.

அம்மை இறங்கி, தம்பிக்கு மூன்றாவது தண்ணீர் ஊற்றிய அன்று, வேப்பிலையும் மஞ்சள் தண்ணீருமாக ஊரெல்லைக்குப் போனோம். "குளிர்ந்து போ தாயே" என்று எல்லாரும் கும்பிட்டார்கள். எனக்கு அந்தச் சொல் வாயில் வரவில்லை. நோய் போகட்டும், இன்னொரு பிள்ளைமேல் விழாமல் தொலையட்டும். ஆனால் கைக்கெட்டும் தூரத்தில் படுத்து, கேட்டதற்குப் பதில் சொன்னவளை எப்படிப் போ என்பது?

வீட்டுக்கு வந்ததும் தம்பியைத் தனியாகப் பிடித்தேன்.

"அன்னைக்கு நான் ஒண்ணு சொன்னேன், நீ சரின்னு சொன்ன. ஞாபகம் இருக்கா?"

"எதுக்குச் சரின்னேன்? கம்மர்கட் வாங்கித் தர்றேன்னியா?"

அவனுக்கு ஒன்றுமே நினைவில்லை.

இப்போது கிருஷ்ணகிரியில் டிரெயினிங் படிக்கிறேன். "அவ எங்கடி போவா, கூடவேதான் இருக்கா" என்று ஊருக்குப் போகும்போதெல்லாம் அம்மா சொல்கிறாள். நம்புகிறேன். காதால் கேட்டவள் நம்பாமல் என்ன செய்வேன்? ஆனாலும் ஒருமுறை கேட்ட காது சும்மா இருக்கிறதா? காலைப் பிரார்த்தனையில் சொல்ல வேண்டியதைச் சொல்லி முடித்த பிறகும் கண்ணைத் திறக்காமல் கொஞ்ச நேரம் நிற்கிறேன். பக்கத்தில் நிற்கிறவள் முழங்கையால் இடிக்கிறாள்.

"மணியடிச்சாச்சுடி. இன்னும் என்ன கேக்கற?"