எட்டணா ஏறிய காபி

பெங்களூர் மல்லேஸ்வரத்தில் எங்கள் ஓட்டல் சின்னது. நாலைந்து மேஜை, ஒரே சர்வர். தொண்ணூறுகளின் நடுவில் ஒரு காலை லேபர் இன்ஸ்பெக்டர் வந்து, சர்வருக்கு ஏறிய பஞ்சப்படியையும் சேர்த்துத்தான் சம்பளம் தர வேண்டும், அடுத்த முறை வந்து பார்ப்பேன் என்று சொல்லிவிட்டுப் போனார். என் கணவர் வெலவெலத்துப் போனார். வாடகை, பால், சர்க்கரை எதிலும் குறைக்க வழியில்லை. கல்லாவில் உட்கார்ந்திருந்தவள் நான். சாக்பீஸை எடுத்து விலைப் பலகையில் காபிக்கு எட்டணா ஏற்றினேன்.

மறுநாளே ஆரம்பித்தது. வாக்கிங் முடித்து ஆறு பேர் சேர்ந்து வருவார்கள், எல்லாருக்கும் அரசுத் தொழிற்சாலையில் வேலை. பலகையைப் பார்த்ததும் மூத்தவர் முகம் சுளித்தார்.

"என்னம்மா இது, அநியாயம்! எதிர்ல பழைய ரேட்டுதான்."

எதிரில் புதிதாக வந்த தர்சினி. நின்றுகொண்டே குடிக்க வேண்டும், டம்ளரை நாமே எடுத்துப்போக வேண்டும். சர்வரே கிடையாது, அவர்களுக்கு என்ன கேடு? ஆறு பேரும் அங்கே போய்விட்டார்கள். தங்களுக்குப் பஞ்சப்படி ஏறிய நாளெல்லாம் என் கடையில்தான் ஜாங்கிரி வாங்கித் தின்றவர்கள்! மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம்.

"பேசாம நாமளும் தர்சினி ஆக்கிடலாமா?" என்றார் கணவர். அது சர்வரின் காதில் விழுந்துவிட்டது. தருமபுரிக்காரன், இரண்டு பெண் குழந்தைகளை ஸ்ரீராம்புரத்தில் பள்ளியில் சேர்த்திருந்தான். மத்தியானம் கடை காலியானதும் என் முன்னால் வந்து நின்றான்.

"அக்கா, பழைய சம்பளமே குடுங்க. இன்ஸ்பெக்டர் பாக்கற ரிஜிஸ்டர்ல புதுசுக்குக் கையெழுத்து போட்டுடறேன். பக்கத்து ரோட்டு ஓட்டல்ல எல்லாம் அப்படித்தான். வேலைய மட்டும் எடுத்துடாதீங்க."

"போடா! பொய்க் கையெழுத்து வாங்கித்தான் நான் பிழைக்கணுமா?" என்று கத்தினேன். கத்தினேனே தவிர, மாதக் கடைசியில் எங்கிருந்து கொடுப்பேன் என்று தெரியவில்லை. பயமாகத்தான் இருந்தது.

அடுத்த வாரம் ஆறு பேரும் திரும்பி வந்தார்கள். நின்று நின்று கால் வலித்திருக்கும்.

"மூணு காபி, பை-டூ" என்றார் மூத்தவர். ஒரு காபியை இரண்டு டம்ளரில் பங்கிட்டுக் குடிப்பது இந்த ஊர் வழக்கம். என் எட்டணாவும் போயிற்று, மூன்று காபியும் போயிற்று.

"இங்க இனிமே பை-டூ கிடையாது" என்றேன்.

"கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கம்மா."

"உங்க டி.ஏ.வை யாராவது பை-டூ பண்ணினா விடுவீங்களா? அவன் சம்பளத்துக்காக ஏத்தினது அந்த எட்டணா. குடிக்கிறதுன்னா முழுசா குடிங்க."

கணவர் சமையலறை வாசலில் கையைப் பிசைந்துகொண்டு நின்றார். இரண்டு பேர் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து போனார்கள், அப்புறம் வரவேயில்லை. மூத்தவர் என்னைப் பார்க்கவில்லை, சர்வரைப் பார்த்தார்.

"நாலு கொண்டு வாப்பா."

மற்ற மேஜைகளும் மெல்ல எட்டணாவுக்குப் பழகின. மாதக் கடைசியில் புதுச் சம்பளத்தை அவன் கையில் வைத்தேன். எண்ணிப் பார்த்துக் கையெழுத்துப் போட்டான். பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்டான்.

"இதுல எவ்வளவு திருப்பித் தரணும் அக்கா?"