கொக்குவிலில் தொடங்கியது என்றே இருக்கும்

இன்று காலை ஒரு கொழும்பு நிறுவனத்தின் மேலாளர் காணொளியில் அழைத்தார். எங்கள் ஊரான கொக்குவில்காரர்தான். நானும் தோழி ஜெனிற்றாவும் உருவாக்கிய, செயலிகள் எழுத உதவும் பிரேம்வேர்க்கை வாங்க விரும்பினார்.

என்னிடம் அன்ட்ரொயிட் போன், அவளிடம் ஐபோன். ஒரே செயலியை இரண்டு தடவை எழுதி அலுத்துப்போய், ஒருமுறை எழுதினால் இரண்டிலும் ஓட வேண்டும் என்று தொடங்கியது அது.

"எல்லாம் நல்லாயிருக்கு தங்கச்சி. ஆனா உங்கடை இணையத்தளத்திலை, கொக்குவிலிலை தொடங்கினது எண்டு கிடக்கு. சிங்கப்பூர் எண்டு மாத்துங்கோ, அப்பதான் ஆக்கள் நம்புவினம்."

"ஏலாது அண்ணை."

"அப்ப எங்களுக்கு வேண்டாம்."

வைத்துவிட்டார். ஜெனிற்றாவுக்குப் போன் எடுத்துச் சொன்னேன். திட்டுவாள் என்று நினைத்தேன்.

"எந்த மேசையிலை இருந்து எழுதினது எண்டும் போடடி" என்றாள்.

போட்டுவிட்டேன்: எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசை. சிங்கப்பூரில் யாராவது அதைக் கண்டிருந்தால் சொல்லுங்கள்.